பழைய விதை நின்ற நான்கு வரிசை

மாதேஷ்,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். முகத்தில் அடித்ததுபோல் போனை வைத்தாயே, நலமாக இருக்கிறவன் அப்படி வைக்க மாட்டான். நான் நலமா என்று நீ கேட்டால், அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாக வேண்டும்.

இதோடு ஒரு பார்சலும் வரும். நீ அனுப்பிய அதே பார்சல்தான். ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. உள்ளே இருப்பது என் நோய்க்கு வெளிநாட்டில் விற்கும் மாத்திரை என்பதும், உன் நண்பன் யார் மூலமோ நீ இருக்கிற ஐதராபாத்துக்கு வரவழைத்தாய் என்பதும் எனக்குத் தெரியும். நான் பெங்களூரு ஆஸ்பத்திரியில் புது மருந்துச் சோதனையில் சேர்ந்த பிறகு, அங்கே இருப்பவர்களுக்கும் எனக்கும் தெரியாமல், தினமும் காலைக் காப்பியில் இதைப் பொடித்துப் போட்டுக் கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். பார்சல் என் கைக்கு எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் அவளுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதே.

முதலில் உன் கோபத்தைப் பேசிவிடுவோம். "நம்மள மாதிரி ஊர்க்காரங்கதான் அவங்களுக்குக் கெடைப்பாங்களாப்பா? எலிக்குக் குடுத்தாங்க, கொரங்குக்குக் குடுத்தாங்க, அடுத்தது பாலக்கோட்டுக்காரனா?" என்று கேட்டாய். கேட்ட வேகத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் நீ போனை வைத்தாய் என்று நினைக்கிறேன். சிரித்தது தப்புதான். ஆனால் உன் கேள்வி தப்பில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு, என்ன மருந்து என்றே சொல்லாமல் கொடுத்த கதைகளை நானும் பேப்பரில் படித்திருக்கிறேன். மாத்திரை அடிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற உனக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். மனிதர்கள் வரைக்கும் வந்து சேருகிற மருந்துகளிலேயே பெரும்பாலானவை தோற்றுத்தான் போகும் என்று நீதான் சொன்னாய். எனக்கு வைத்தியம் பார்க்கிற பெங்களூரு டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். என்ன வித்தியாசம் என்றால், நீ என்னைத் தடுப்பதற்காகச் சொன்னாய், அவர் நான் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதற்காகச் சொன்னார்.

நீ பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? மண்டிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றும்போதெல்லாம் இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இடித்துக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாயுவாக இருக்கும் என்று உன் அம்மா பெருங்காயத் தண்ணீர் கொடுத்தாள். பெருங்காயம் தீர்ந்ததே தவிர கனம் குறையவில்லை. தர்மபுரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், வெள்ளணுக்கள் தாறுமாறாகப் பெருகியிருக்கின்றன, உடனே பெங்களூருக்குப் போங்கள் என்றார்கள். ரத்தத்தில் புற்று. அந்த வார்த்தையைக் கேட்டதும், கதை முடிந்தது, பிள்ளையின் பரீட்சை மட்டும் முடியும்வரை இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பேருந்தில் உன் அம்மா ஓசூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வந்தது நோயைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது.

டாக்டரம்மாவை அன்றுதான் முதலில் பார்த்தோம். சேலத்துப் பக்கம் பிறந்தவர் என்பதால் நம் பேச்சு அவருக்கு அந்நியமாக இல்லை. "ஒரு தலைமுறைக்கு முன்னாடி இதே நோயோட நீங்க வந்திருந்தா, இவங்களத் தனியாக் கூப்புட்டு வேற மாதிரி பேசியிருப்பேங்க. இப்ப ஒரு மாத்திரை இருக்கு. தெனம் ஒண்ணு போடுங்க, தோட்டத்துக்குப் போங்க" என்றார். அவரைக்கொட்டை அளவு இருந்த அந்த மாத்திரை எனக்கு உன் காலேஜ் வருடங்களைக் கொடுத்தது. நீ முதல் சம்பளத்தில் வாங்கிவந்த, எனக்குப் பத்தாத சட்டையைக் கொடுத்தது. உன் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடியது நான்தான், அந்த ஓட்டத்தையும் அதுதான் கொடுத்தது. நடுவில் அது வேலை செய்வது குறைந்து வேறொன்றுக்கு மாற்றினார்கள். இப்போது அதுவும் தளர்ந்துவிட்டது. ரத்தத்தில் அந்தப் பாழாய்ப்போன அணுக்கள் மறுபடியும் தலை தூக்குகின்றன.

போன மாதம் இதைச் சொன்னபோதுதான் டாக்டரம்மா புது மருந்துச் சோதனையைப் பற்றிப் பேசினார். நான் கேட்ட முதல் கேள்வி, "இது எனக்குக் கேக்குமாங்க?" அவர் என் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியாதுங்க" என்றார். மாதேஷ், நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். உரக்கடைக்காரன், கரண்டு ஆபீஸ்காரன், நில அளவைக்காரன், ஜோசியக்காரன் என்று ஒருவர்கூட என்னிடம் தெரியாது என்று சொன்னதில்லை. அத்தனை படித்த ஒரு பெண், சுவர் முழுக்கப் பட்டம் மாட்டிவைத்திருக்கிற ஒரு பெண், ஒரு தக்காளிக்காரனிடம் தெரியாது என்று சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உன் அம்மாவுக்கு வேறு மாதிரி. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "தெரியாதுன்னு சொல்றவங்ககிட்டயா நீங்க உசுரக் குடுப்பீங்க?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தெரியாது என்பதைக் கேட்டு நமக்குப் பழக்கமில்லை.

திரும்பிவரும்போது பேருந்தில் எனக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை வருடம் நான் விழுங்கிய மாத்திரையை உலகத்தில் முதன்முதலாக விழுங்கியவன் யார்? அவனிடமும் ஒரு டாக்டர் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். எந்த நாட்டில் இருந்தானோ, என்ன வேலை பார்த்தானோ, அவன் மனைவியும் வெளியே வந்து அவன் கையைப் பிடித்து இதையேதான் கேட்டிருப்பாளோ என்னவோ. அவன் சரி என்று தலையாட்டி ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கினான். அதனால் பாலக்கோட்டில் ஒருவன் தன் மகன் கல்யாணத்தைப் பார்த்தான். அவனுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. இதை நினைத்துப் பேருந்து ஜன்னலோரம் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அடுத்த முறை போனபோது சோதனை எப்படி நடக்கும் என்று டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். சேருகிறவர்களை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்களாம். ஒரு கூட்டத்துக்குப் புது மருந்து. இன்னொரு கூட்டத்துக்கு இப்போது கிடைப்பதிலேயே நல்ல மருந்து. யார் எந்தப் பக்கம் என்பதை, காசைச் சுண்டிப் போடுவதுபோல் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். எல்லோருக்கும் இரண்டு பாட்டில் கொடுப்பார்கள். ஒன்றில் மருந்து இருக்கும், இன்னொன்றில் இருப்பது மருந்து மாதிரியே தோற்றமுள்ள வெறும் மாவு மாத்திரை. எது எந்தப் பாட்டிலில் என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆபத்து என்று வந்தால் மட்டும் பார்த்துச் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறார்களாம். இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா, "அந்தப் பழைய மருந்துப் பக்கம் வுழுறவங்கள யாருமே பாவம்னு பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். "அவங்களும் மருந்தோடதாங்க இருப்பாங்க. யாரையும் சும்மா வுட மாட்டோம்" என்றார் அவர். அம்மா தன் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், டாக்டரைப் பார்த்தே சொன்னாள். "நான் ஒரு தடவ பாவம் பாத்துட்டேங்க. இவருக்கே தெரியாது."

நீ எட்டாவது படிக்கும்போது, தோட்டத்தில் நம் கொட்டாய் வீட்டுக்குப் பக்கத்து அரை ஏக்கரில் சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகள் நட்டிருந்தோமே, அதை வைத்து நீ வாள் சண்டை போட்டு என்னிடம் அடி வாங்கினாயே, அந்த வெள்ளாமையைத்தான் சொன்னாள். ஒரு விதைக் கம்பெனி ஆபீசர், பைக்கில் வரும் ஒல்லிப் பையன், புதுத் தக்காளி விதை கொண்டுவந்தான். இலைச் சுருட்டை நோயைத் தாங்கும் விதை என்று அவர்கள் நம்பினார்கள். நம்பினால் போதாது, பார்க்க வேண்டும் என்று, புது விதைக்குப் பக்கத்திலேயே நான்கு வரிசை நம் பழைய விதையை நடச் சொன்னான். இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம். பூச்சிக்கு எதுவும் அடிக்கக் கூடாது, இரண்டுக்குமே. வெயில் ஏறி, அந்த நோயைப் பரப்புகிற வெள்ளை ஈ வந்தது. புதுச் செடி நின்றது, பழைய நான்கு வரிசை சுருள ஆரம்பித்தது. எனக்கும் அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. மடையைத் திருப்பிவிட்டு முகத்தையும் திருப்பிக்கொள்வேன். பிறகு என்ன மாயமோ, அந்த நான்கு வரிசையும் தேறி, புதுச் செடிக்குச் சமமாகக் காய்த்தது. நம் மண்ணின் சத்து என்று நான் மண்டியில் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

மண்ணின் சத்தும் இல்லை, மாயமும் இல்லை. "பக்கத்துல ஒண்ணு தளதளன்னு நிக்குது, இது மட்டும் சுருண்டு சுருண்டு கெடக்குது. தெனம் அதுங்க மூஞ்சியப் பாத்துகிட்டே தண்ணி கட்டணும். எப்பிடிங்க முடியும்? இவரு மண்டிக்குப் போற நாள்ல எல்லாம் வேப்பங்கொட்டைய இடிச்சு ஊறவெச்சு, அந்த நாலு வரிசைக்கு மட்டும் அடிச்சேன்" என்று உன் அம்மா டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.  அந்த ஒல்லிப் பையன் வந்து இலையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, "அண்ணா, இதுக்கு ஏதாச்சும் அடிச்சீங்களா?" என்று கேட்டதும், நான் நெஞ்சில் கை வைத்து, "சத்தியமா இல்லீங்க" என்றதும், பக்கத்தில் இவள் குடத்தோடு நின்றதும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு ஞாபகத்துக்கு வந்தன. "ரெண்டுக்கும் வித்தியாசம் ஒண்ணும் தெரியலண்ணா, மேல அப்பிடியே எழுதிடறேன்" என்று அவன் போனான். அதற்கப்புறம் அந்த விதை நம் பக்கம் வரவேயில்லை. நம் தோட்டம் ஒன்றால் மட்டும் அது வராமல் போயிருக்காது. இன்னும் எத்தனை தோட்டத்தில் எத்தனை அம்மாக்கள் இரக்கப்பட்டார்களோ, யார் கண்டார்கள்?

அடுத்த சித்திரையில் என்ன ஆனது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுருட்டை நோய் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தையும் விடவில்லை. செடியைப் பிடுங்கி வரப்பில் குவித்துக் கொளுத்தினோம். மண்டியில் ஆள் இல்லை. உன்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனோம். "ஏன் நம்ம வூட்ட வுட்டுட்டுப் போறீங்க?" என்று நீ அழுதாய். அந்த விதை இருந்திருந்தால் நாம் தப்பித்திருப்போமா? தெரியாது. தப்பித்திருக்கலாம், அதுவும் மற்றதோடு சேர்ந்து சுருண்டிருக்கலாம். இனி யாராலும் அதைச் சொல்ல முடியாது. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள நம் கைக்கு வந்த ஒரே வாய்ப்பு அது. அதை இரக்கத்தால் அழித்துவிட்டோம். உன் அம்மாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் வந்திருக்கும்.

டாக்டரம்மா முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, நாங்க உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் பயப்படறோம். கெட்டவங்களுக்கு இல்ல, பாசக்காரங்களுக்கு. அதனாலதான் எது எந்த பாட்டில்னு எனக்கே சொல்ல மாட்டாங்க. சொன்னா நானும் வேப்பங்கொட்டை இடிப்பேன்." இதைக் கேட்டு உன் அம்மாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. அப்போதுதான் எனக்கு அந்த ஏற்பாட்டின் பிரம்மாண்டம் புரிந்தது. மனிதர்கள் தங்கள் இரக்கத்தையும் ஆசையையும் தங்களிடமிருந்தே மறைத்துவைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால், அதை நினைத்து வாயைப் பிளக்காமல் என்ன செய்வது?

செலவைச் சொல்கிறேன், கேள். ரூபாய்க் கணக்கு எனக்குத் தெரியாது, கேட்டாலும் என் தலைக்குள் அடங்காது. நான் கண்ணால் பார்த்த செலவைச் சொல்கிறேன். சோதனைக்கு ஆள் சேர்ப்பதைக் கவனிக்கிற பவ்யா என்று ஒரு கன்னடப் பெண் இருக்கிறாள். எங்களைப் போன்றவர்களின் மாத்திரை, ரத்தம், தேதி எல்லாம் அவள் பொறுப்பு. உன் அம்மா தனக்குத் தெரிந்த கன்னடத்தில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கப்போக, இரண்டு பேரும் இப்போது மாமியார் மருமகள் போல் ஆகிவிட்டார்கள், சண்டை இல்லாத மாமியார் மருமகள். அந்தப் பெண் என் ரத்தத்தை ஐஸ்பெட்டியில் வைத்து மூடினாள். அது விமானம் ஏறி எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகுமாம். நம் தக்காளி சென்னைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி நசுங்கிவிடுகிறது, என் ரத்தம் நசுங்காமல் பறக்கிறது. காலி பாட்டிலைக்கூடத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒரு மாத்திரை கீழே விழுந்து உருண்டால்கூட அதைச் சொல்ல வேண்டும். இப்படிப் பல நாடுகளில், பல ஊர்களில், பல வருடங்கள். எல்லாம் ஒரே ஒரு கேள்விக்கு. இது பழையதைவிட நல்லதா, இல்லையா?

அதற்குப் பதில், நல்லது இல்லை என்றும் வரலாம். இதற்கு முன் டாக்டரம்மா இப்படி ஒரு மருந்தோடு வருடக்கணக்காக உழைத்திருக்கிறார். அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி தலை கறுப்பாக இருந்தபோது ஆரம்பித்தவராம், நரைத்துவிட்டது. நோயைக் குறைத்தது, ஆனால் ஈரலைக் கெடுத்தது. ஒருநாள் நிறுத்துங்கள் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான், முடிந்தது. "அன்னைக்கு நீங்க என்னங்க பண்ணீங்க?" என்று கேட்டேன். "அழுதேங்க. அப்பறம் சாப்பிட்டவங்க ஒவ்வொருத்தரையா கூப்புட்டு விசயத்தச் சொன்னேன். ஒரு பெரியவரு, 'அப்ப அடுத்தவனுக்கு இதக் குடுக்க மாட்டீங்கல்ல? அது போதும்'னு சொன்னாரு" என்றார். அந்தப் பெரியவரை நான் அன்றிலிருந்து மறக்க முடியாமல் தவிக்கிறேன். ஜெயித்த மருந்தை விழுங்கியவனுக்கு நன்றி சொல்ல நான் இருக்கிறேன். தோற்ற மருந்தை விழுங்கியவனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனும்தானே என்னைக் காப்பாற்றியவன்? அவன் விழுங்கி, இது ஆகாது என்று தெரிந்ததால்தானே அது என் கைக்கு வரவில்லை?

என்னை ஏமாற்றிச் சேர்த்துவிட்டார்கள் என்று நீ நினைக்கிறாய். நடந்ததைக் கேள். விவரம் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, படித்துவிட்டு வரச் சொன்னார்கள். திரும்பிப் போனபோது கேமராவை ஓடவிட்டு, பவ்யா ஒவ்வொன்றாக மறுபடியும் சொன்னாள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் என் வைத்தியத்துக்கு எந்தக் குறையும் வராது, இதயத்துக்கு ஆபத்து வரலாம், ஈரல் கெடலாம், இதுவரை யாருக்கும் தெரியாத ஏதாவதும் வரலாம். பிறகு, "இப்ப நான் சொன்னத நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்கப்பா" என்றாள். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒப்பித்தேன். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, முடிக்கும்போது, "இந்த மருந்து என்னக் கொணப்படுத்தும்" என்றேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "இல்லப்பா, அப்படி நான் சொல்லவே இல்ல. குணமாகலாம், ஆகாமலும் போகலாம், மோசமாகவும் போகலாம்." கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. நான் திருத்திச் சொல்லும்வரை அவள் விடவில்லை. இதற்குமுன் மருந்தோடு வந்த எவரும் என் வாயிலிருந்து குணமாகும் என்கிற வார்த்தையைப் பிடுங்கி எறிந்ததை நான் பார்த்ததில்லை.

அதே இடத்தில், என் உயிருக்கு ஏதாவது ஆனால் நஷ்டஈடு யாருக்குப் போக வேண்டும், ஒரு பெயர் சொல்லுங்கள் என்றாள். நான் அம்மா பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். "எம் பையன் பேர எழுதுங்க" என்று அம்மாவே முந்திக்கொண்டாள். உன் பெயரைத் தமிழில் எழுதினேன்.  பயம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் மனைவிக்கு நாள் நெருங்குகிறது. பேரப்பிள்ளையைத் தூக்காமல் போய்விடுவேனோ என்கிற பயம் எனக்கு இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. இந்த மருந்து கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆனால் ஆசைப்படுவது வேறு, கேட்டது என்று தெரிவது வேறு.

இப்போது உன் பார்சலுக்கு வருகிறேன். யோசித்துப் பார். நான் தேறினால், எது தேற்றியது என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பழைய மருந்துப் பக்கம் விழுந்திருந்து உன் மாத்திரையால் நான் தேறினால், புது மருந்தால் பிரயோசனம் இல்லை என்று எழுதுவார்கள். நல்ல மருந்து ஒன்று யாருக்கும் கிடைக்காமல் போகும், அந்த விதையைப் போல. இரண்டும் சேர்ந்து என் ஈரல் கெட்டால், செய்யாத தப்புக்குப் புது மருந்து பழி சுமக்கும், என் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் டாக்டரம்மா தடுமாறுவார். மாத்திரைக் கம்பெனியில் இருக்கிற உனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் செய்தாய். அப்பா பழைய வரிசையில் நின்றுவிடக் கூடாதே என்று தவித்தாய். நீ என்னை எலி என்றதற்கு வந்த சிரிப்பு இதற்கு வரவில்லை. பார்சலை மடியில் வைத்து, மேலே ஒட்டியிருந்த உன் பெயரைப் படித்தேன். என்மேல் உனக்கு இவ்வளவு பாசம் என்று எனக்குத் தெரியாது.

அது என் மடிக்கு வந்த கதை இதுதான். கூரியர்க்காரன் வந்தபோது நான் தோட்டத்தில் இருந்தேன். அம்மா வாங்கி அரிசி டிரம்முக்குள் வைத்தாள். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டதற்குப் பல்வலி என்றாள். மூன்றாம் நாள் காலை காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்திலேயே பார்சலையும் வைத்தாள். "உங்க மவன் அனுப்புனது. காப்பியில போடச் சொன்னான். அவனுக்கு அப்பிடியே என் புத்தி வந்திருக்கு" என்றாள்.  அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "போட்டுறலாம்னு ரெண்டு நாளும் டிரம்மத் தொறந்து தொறந்து பாத்தேங்க. அந்தச் செடி தேறுனப்ப எவ்ளோ சந்தோசப்பட்டேன் தெரியுமா? அது பொய்ச் சந்தோசம். உங்க விசயத்துல எனக்கு அது வேணாம். உங்களுக்கு என்ன ஆனாலும் அது நெசமா ஆவட்டும்." சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் நீயும் நம்ப மாட்டாய்.

முதல் மனிதன் விழுங்கிய மாத்திரையையும், அவன் பின்னால் நின்ற டாக்டர்களையும், பறக்கிற ரத்தப் பெட்டியையும் நினைத்து இத்தனை பக்கம் வியந்து எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட என்னை அதிகமாக வியக்கவைத்தது, அரிசி டிரம்மைத் திறந்து திறந்து மூடிய உன் அம்மாவின் கைதான். செடிக்கே பொறுக்காத கை அது. இந்தப் பார்சலுக்குமேல் மறுபடியும் முகவரி எழுதி ஒட்டியதும் அதே கைதான். எழுத்தைப் பார், உனக்குத் தெரியும்.

வருகிற திங்கட்கிழமை எனக்கு அந்த இரண்டு பாட்டிலையும் கொடுக்கிறார்கள். முதல் மாத்திரையை அவர்கள் முன்னாலேயே விழுங்க வேண்டுமாம். அம்மா கூட வருகிறாள். நீயும் வா. கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை, கோபத்தோடேயே வந்து என் பக்கத்தில் நில். மருந்து, மாத்திரை, பழம், ஹார்லிக்ஸ் எதுவும் வேண்டாம். வெறும் கையோடு வா. தண்ணீர் டம்ளரை நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அப்பா